இடப்பக்கம் குழி

ரொட்டிக் கடை அன்று திறக்கவில்லை.

வில்பெராக்கில் இருப்பது அந்த ஒரு கடைதான். காலையில் பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் மூடிய கதவைப் பார்த்தார்கள்; பேசாமல் திரும்பினார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. கடைக்காரி முரியேலின் மகள் கொராலி, ரோதேஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள்.

தங்கும் வீட்டுச் சமையலறையில் செவரின் ஒரு ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் தந்தை ஆன்செல்ம் ஒன்றை எடுத்துக் கிண்ணத்துக் காப்பியில் நனைத்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது.

"இது நோயாளிக்குக் குடுக்கிறது," என்றார்.

"ரொட்டி இல்லப்பா."

"தெரியும். ஏன் இல்லன்னும் தெரியும். அந்தப் பொண்ணு மெதுவா வந்திருந்தா இன்னைக்கு ஊருக்கே ரொட்டி இருந்திருக்கும்."

செவரினின் தம்பி லுதோவிக் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காப்பி ஆறிவிட்டது.

ரூக்கெத் குடும்பம் ஜூன் மாதத்தில் ஒரு வாரம் சைக்கிளில் கிளம்பும். பள்ளத்தாக்கின் பழைய கல் ஊர்கள், இரவுக்கு ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அம்மா யுகெத் முன்னால், அப்பா அவள் பின்னால், பிள்ளைகள் கடைசியில். யுகெத் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். இந்த ஆண்டு வேண்டாம் என்றாள் செவரின். ஆன்செல்ம் கேட்கவில்லை. அம்மாவின் இடத்துக்கு லுதோவிக் வந்தான்.

நேற்றுப் பிற்பகல் லுதோவிக்கின் சைக்கிள் சங்கிலி கழன்றது. "நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்," என்று அக்காவிடம் சொன்னான். தேவாலயச் சந்தில் இறங்கி அவள் சந்தைச் சதுக்கத்துச் சாலையைக் கடந்தாள். பின்னால் பிரேக் சத்தம். அடுத்து ஓர் இடி. திரும்பியபோது கொராலியின் வெள்ளைக் கார் சந்தை மண்டபத்தின் கல் தூணில் மோதி நின்றது. அப்பா நடுச்சாலையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை.

சந்து முடியும் இடத்தில் இந்த வசந்தகாலத்தில் நகரசபை ஒரு சிவப்புப் பலகை நட்டிருந்தது. நில் என்று எழுதிய பலகை. தரையில் வெள்ளைக் கோடு. நேற்று மாலை வந்த போலீஸ் அதிகாரி விதால் கேட்டது ஒரே கேள்வி. நின்றீர்களா?

"நின்னேன்," என்றார் ஆன்செல்ம். "காலை ஊன்றி நின்னேன். ரோடு காலியா இருந்துது. எறங்கினேன். எங்கிருந்தோ வந்து விழுந்தா."

"நின்னார். நான் பின்னாலயிருந்து பார்த்தேன்," என்றான் லுதோவிக்.

"நான் கடந்து போயிட்டேன். பார்க்கல," என்றாள் செவரின்.

இன்று மாலை விதால் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வருகிறாள். மூவரும் சொன்னதையே சொன்னால் தப்பு கொராலியுடையது. அவள் கண் விழித்தால் வழக்கில் விழிப்பாள். வண்டி ஓட்டும் உரிமம் போகும். வீடு வீடாகக் காரில் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது அவள் வேலை. அதுவும் போகும்.

செவரின் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அப்பா சொன்ன வேறொரு வாக்கியம் அவள் காதில் இருந்தது. போலீஸ் வருவதற்கு முன்பு, கண்ணாடிச் சில்லுகள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தபோது, தன் பக்கம் ஓடிவந்த மகளிடம் அவர் சொன்னது.

"வலப்பக்கம் வந்தவன் நான். வழி எனக்கு."

பலகை இல்லாத முனையில் வலப்பக்கம் வருகிறவனுக்கு முதல் வழி. அந்த நாட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகும் விதி. வில்பெராக் சந்து முனையில் போன வருடம் வரை அதுதான் நடந்தது. ஆனால் நில் என்ற பலகையின் கீழ் காலை ஊன்றி நின்ற ஒரு மனிதன் அந்த விதியைச் சொல்ல மாட்டான். பலகைக்குப் பிறகு வலமும் இல்லை, இடமும் இல்லை.

பலகையைப் பற்றி விதால் கேட்ட பிறகுதான் அப்பா 'நின்னேன்' என்றார்.

*

பாரில் காலையிலேயே ஆட்கள் இருந்தார்கள். ரொட்டி கிடைக்குமா என்று செவரின் கேட்டாள். பார்க்காரர் தலையாட்டினார்.

"பக்கத்து ஊர்லேர்ந்து பத்து மணிக்கு மேல வரும். உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே, மதாம்?"

"இல்ல."

"புண்ணியம்."

மேசையில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் தடித்தவர். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவ வண்டி வந்தா கோழிகூட சர்ச்சுக்குள்ள ஓடும். நாங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தோம்."

"நீ எப்ப சொன்ன?" என்றார் மற்றவர். "உன் முதுகைத் தேய்ச்சுவிட்டப்பவா?"

"வேகமா ஓட்டுவாளா இல்லியா?"

"ஓட்டுவா. ஒரு காலைக்குள்ள அத்தனை வீட்டையும் முடிக்கச் சொன்னா நீ நடந்தா போவ?"

தடித்தவர் காலை நீட்டினார். ஒரு காலுறை வெளிப்பக்கம் உள்ளே போயிருந்தது.

"இன்னைக்கு எனக்கு யாரும் வரல," என்றார். "நானே போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. செவரின் காப்பிக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் சந்தை மண்டபம். நகரசபை ஆட்கள் காரை இழுத்துப் போயிருந்தார்கள். தூணின் அடியில் கல் பெயர்ந்து உட்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. யாரோ மணல் கொட்டியிருந்தார்கள். மணலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு கிடந்தது. கிழவர்களுக்குச் சீவிவிடும் சீப்பாக இருக்கலாம். செவரின் அதை எடுக்கவில்லை.

*

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆன்செல்ம் ஷூக்களை மாட்டினார்.

"சும்மா உட்கார்ந்தா முட்டி இறுகிடும். ஆத்து ரோட்டுல கொஞ்சம் போயிட்டு வருவோம்."

"இன்னைக்கா?" என்றான் லுதோவிக்.

"நான் ஒண்ணும் கைதி இல்ல. அந்தம்மா சாயங்காலம்தானே வரா."

லுதோவிக் சைக்கிளை முன்னால் தள்ளினான். செவரின் கைப்பிடியைப் பற்றினாள்.

"நான் முன்னால போறேன்."

"எதுக்கு?"

"சும்மா."

தம்பி அவளைப் பார்த்தான். கையை எடுக்கத் தாமதித்தான். பிறகு எடுத்தான்.

"போகட்டும்டா," என்றார் ஆன்செல்ம். "ஆனா நல்லா கூப்பிடணும். நேத்து ஊமை மாதிரி போன."

சாலையில் சேர்ந்து போகிறவர்கள் முன்னால் இருப்பதைப் பின்னால் வருகிறவருக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். குழி, ஜல்லி, வண்டி. எல்லாரும் செய்வது. யுகெத் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள். கடைசிச் சில ஆண்டுகளில் அவள் வாய் மூடவே இல்லை. "ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்று லுதோவிக் பின்னாலிருந்து கிண்டல் செய்வான். அவள் நிறுத்தவில்லை. அந்த ஆண்டுகளில்தான் ஆன்செல்ம் காரை விற்றார். காற்றைக் கெடுக்கும் பண்டம் என்றார். நண்பர்கள் பாராட்டினார்கள். செவரினும் பாராட்டினாள்.

ஆற்றுச் சாலையில் சில வாரங்களுக்கு முன்பு புதிய தார் போட்டிருந்தார்கள். கறுத்து, சிலேட்டைப் போல் கிடந்தது. வெயில் நேராக விழுந்தது. ஆற்றின் எதிர்க்கரையில், பாறை மேல், கூரையில்லாத கோட்டை ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடிப்பார்கள். இன்று யாரும் நிற்கவில்லை.

"எதிர்ல கார்," என்று கூப்பிட்டாள்.

"சரி," என்றார் ஆன்செல்ம்.

கார் கடந்து போனது.

"வலப்பக்கம் கிளை."

"சரி."

கிளை தோளை உரசாமல் போயிற்று. அவர் சரியான தூரத்தில் வந்துகொண்டிருந்தார். பெடல் சீராகச் சுழன்றது. இந்த வயதில் இப்படி ஓட்டுகிறவரை நாலு ஊரிலும் பார்க்க முடியாது என்று அம்மா சொல்வாள்.

வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்தது. கண்ணுக்கெட்டிய வரை சாலையில் ஒன்றும் இல்லை. ஓர் இலைகூட இல்லை. செவரினுக்கு இது செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தது. செய்தாள்.

"இடப்பக்கம் குழி."

"சரி."

சைக்கிள் உடனே வலப்பக்கம் விலகியது. நன்றாக விலகியது. முன்சக்கரம் புல்லில் இறங்கி ஆடியது. அவர் கைப்பிடியை இறுக்கி மீண்டும் தாருக்கு ஏற்றினார். செவரின் தோளுக்கு மேல் பார்த்தபடியே இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

"எங்க குழி?" என்றான் கடைசியில் வந்த லுதோவிக்.

கேட்ட பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

ஆறு பக்கத்திலேயே ஓடியது. ஒரு பாலம் வந்து பின்னால் போயிற்று.

"உங்க அம்மா," என்றார் ஆன்செல்ம், "ஒருநாளும் பொய்க் குழி கூப்பிட்டதில்ல."

*

சாலையோரம் துணி துவைக்கும் பழைய கல் தொட்டி இருந்தது. தண்ணீர் பச்சையாக நின்றது. அவர்கள் அங்கே இறங்கினார்கள். ஆன்செல்ம் தொட்டியின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து?" என்றாள் செவரின்.

"பார்வை நடுவுல மட்டுந்தான் இல்ல. சுத்தி எல்லாம் இருக்கு. இப்ப உன்னைப் பார்த்தா மூஞ்சி இல்ல. காது இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நல்ல காதுதான்."

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன்பா. இந்தக் கண்ணுக்கு மருந்து வாங்க வாரா வாரம் ஆள் வர்றாங்க. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அதனாலதான் சொல்லல."

அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

லுதோவிக் தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். "அம்மா ஆஸ்பத்திரியில சொன்னா. முன்னால போ, கூப்பிட்டுக்கிட்டே இரு, மருந்துக்கடைக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னா. உன்னை அப்படித்தான் சொன்னா."

"நேத்து அவர் நின்னதைப் பார்த்தியா?"

"சங்கிலியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நின்னார்னு சொன்ன."

"ஆமா."

"எதுக்குடா?"

"உன்னை முன்னால போகச் சொன்னது நான். எதுவும் சொல்லாம போகச் சொன்னதும் நான். சந்து முனையில பலகை இருக்குன்னு நீ கூப்பிட மாட்டன்னு எனக்குத் தெரியும்ல. உனக்கு அது வழக்கம் இல்ல. அவர் நின்னார்னா நம்ம மூணு பேர் மேலயும் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான் யோசிச்சேன்."

செவரின் பலகையைப் பார்த்திருந்தாள். வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள். கூப்பிடவில்லை. கண் இருக்கிற ஒருவருக்கு எதற்குக் கூப்பிட வேண்டும்.

"அப்பா, நீங்க நிக்கல."

"பலகை எப்பவும் அங்க இருந்ததில்ல."

"நிக்கல."

"அந்தப் பொண்ணும் வேகமாத்தான் வந்தா. அது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா உங்க மேல ஏத்தாம தூணுல ஏத்தினா."

ஆன்செல்ம் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"நான் சொன்னேன்னு வை," என்றார். "சைக்கிள் போச்சு. என் வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல ஒரு மலை இருக்கு, தெரியும்ல. நான் வீட்டுக்குள்ளயே கிடக்கணும். அப்புறம் காலையில யாராவது ஒரு பொண்ணு கார்ல வந்து என் முதுகைத் தேய்ச்சு…"

அங்கே நின்றுவிட்டார்.

தண்ணீர் மேல் ஒரு பூச்சி ஓடியது.

"நேத்து சொன்னதையே நான் சாயங்காலமும் சொல்வேன்," என்றார் ஆன்செல்ம், எழுந்தபடி. "நீங்க ரெண்டு பேரும் உங்க இஷ்டத்துக்குச் சொல்லுங்க. பெத்தவனைப் போலீசுல குடுக்கிறது உங்களுக்கு முடியும்னா குடுங்க."

"நீங்களே சொல்லணும்பா. நான் சொன்னா அது வேற."

"ஒரு வித்தியாசமும் இல்ல." சைக்கிளைத் தடவி எடுத்தார். "நான் முன்னால போறேன். எனக்கு யாரும் கூப்பிட வேண்டாம்."

*

அவர் முன்னால் போனார். நன்றாகவே போனார். புல் விளிம்பை ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டு, கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள கோட்டை விடாமல் ஓட்டினார். செவரின் பின்னால் வந்தாள். கூப்பிட வேண்டாம் என்றவரைக் கூப்பிடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் லுதோவிக் வந்தான். மூவரும் இப்படி ஒரு வரிசையில் போனதே கிடையாது.

ஊருக்கு மேல்பக்கச் சாலையில் வந்து தேவாலயத்தைச் சுற்றினார்கள். சந்து இறக்கம். இரண்டு பக்கமும் உயர்ந்த கல் சுவர்கள், உள்ளே இருட்டு. முனையில் மட்டும் வெயில் வெள்ளையாக நின்றது. அந்த வெள்ளைக்குள் எங்கோ பலகை இருந்தது.

பலகை இருப்பது அவருக்கு இப்போது தெரியும். எங்கே என்று தெரியாது.

சக்கரங்கள் வேகமெடுத்தன. செவரின் அவர் விரல்களைப் பார்த்தாள். பிரேக் மேல் இருந்தன, அழுத்தவில்லை. தேடிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் சாய்ந்தது. வெயில் நெருங்கியது. இடப்பக்கத்துச் சாலையிலிருந்து டிராக்டரின் உறுமல் கேட்டது.

அவர் விரல்கள் இன்னும் அழுத்தவில்லை.

"நில்!"

அது அவள் குரல் இல்லை. அம்மாவின் குரல். அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், ஒரே சொல்லில், நாயைக் கூப்பிடுகிற மாதிரி.

ஆன்செல்ம் நின்றார். சக்கரம் இழுத்துக்கொண்டு போய் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது. காலை ஊன்றினார். வைக்கோல் உருளைகளை ஏற்றிய டிராக்டர் அவர் முன்னால் கடந்தது. வைக்கோல் துரும்புகள் அவர் சட்டையில் வந்து விழுந்தன. ஓட்டுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிராக்டர் போன பிறகு சாலை வெறுமையானது. எதிரே சந்தை மண்டபம் தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். மேல்கோட்டைக் கழற்றாமல், தோளில் பயணப் பையோடு. மகளின் துணிகளை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்க வேண்டும். கையில் அந்தப் பிளாஸ்டிக் சீப்பு இருந்தது.

ரொட்டிக் கடை முரியேல். அவள் கடை இந்த முனையைப் பார்த்துத்தான் இருக்கிறது. நேற்று அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்து, மாலை ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் ஆன்செல்மைப் பார்த்தாள். கோட்டைத் தாண்டி நின்ற சக்கரத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், இன்னும் வாய் திறந்தபடி நின்ற செவரினைப் பார்த்தாள்.

"நேத்து யாரும் கத்தலையே," என்றாள் முரியேல்.

அழுது கட்டிய தொண்டை. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் சாலை அகலம் குறைவு. மூவருக்கும் கேட்டது.

பின்னால் லுதோவிக் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அக்கா கையை உயர்த்தினாள். நிறுத்தினான்.

ஆன்செல்ம் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முரியேலுக்கு நேரே, அவள் முகத்துக்கு நேரே பார்த்தார். பல ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் அவள் கையிலிருந்து ரொட்டி வாங்கியவர்.

"செவரின்," என்றார் மெதுவாக. "யாரது?"

முரியேல் சீப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். சாலையைக் கடந்து அவரிடம் நடந்து வந்தாள். சைக்கிளின் முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"என்னைத் தெரியலியா, முசியே ரூக்கெத்?"

நகரசபைக் கட்டடத்தின் மூலையில் போலீசின் நீல வண்டி திரும்பியது. விதால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.